முழங்காலுக்கும் தரைக்கும் இடையே

போன மாதம் ஒரு காலையில் விழுப்புரத்திலிருந்து கவிதா போன் செய்தாள். மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் என் கடைசி நான்கு வருடங்கள் என்னோடு வேலை பார்த்த பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு பொங்கலுக்கும் என் பிறந்த நாளுக்கும் தவறாமல் கூப்பிடுவாள். அன்று இரண்டும் இல்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் நினைப்பேன். அது என் குணம்.

“பயப்படாதீங்க மேடம். பழைய ஃபிரிட்ஜ கழிச்சிக் கட்டறாங்க. புது ஃபிரிட்ஜும், கூடவே ஒரு புது மிஷினும் வருது. பாட்டில உள்ள வெச்சிட்டா போதும், கிருமி வளந்தா அதுவே கீ கீன்னு கத்துமாம். ஃபிரிட்ஜு கதவுல உங்க கையெழுத்துல ஒரு பேப்பர் ஒட்டிக்கினு இருக்கு. கிழிச்சிடட்டுமா?”

“என்ன எழுதியிருக்கு?” என்றேன், தெரியாதவள்போல.

“‘மூட்டு நீர் உள்ளே வைக்கக் கூடாது.’ அவ்ளோதான். இது புக்லயே இருக்கே மேடம், இதுக்கு ஏன் பேப்பர் ஒட்டினீங்க?”

என் காலத்தில் அந்தக் கூடத்தில் மூன்று ஃபிரிட்ஜ் மாறியிருக்கின்றன. ஒவ்வொன்று வரும்போதும் அந்த ஒரு வரியைப் புதுத் தாளில் எழுதி ஒட்டினேன். யாரும் காரணம் கேட்கவில்லை. முதலில் கேட்டவள் கவிதாதான். போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். சொன்னது சரியா என்று சில வாரங்கள் யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

திண்டிவனம் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். சென்னையில் ஒரு வருடம் பரிசோதனைக்கூடப் பயிற்சி. பிறகு கல்யாணம், அடுத்த வருடம் பையன். எண்பதுகளின் நடுவில், அவனுக்குப் பத்து மாதம் இருக்கும்போது விழுப்புரத்தில் இந்த வேலை கிடைத்தது. நிரந்தர வேலை இல்லை. எலும்பு மருத்துவர் குணசீலன் அங்கே ஒரு சின்ன ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். குழந்தைகளின் மூட்டில் சீழ் பிடித்தால் எந்தக் கிருமி, எத்தனை நாளில், குருத்தெலும்பை எவ்வளவு கரைக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு ஒரு நுண்ணோக்கி, கிருமி வளர்க்க ஒரு சூட்டுப் பெட்டி, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு நான்.

வீடு திண்டிவனத்தில். வீட்டுக்காரருக்குச் செஞ்சியில் வேலை. பையனைப் பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் விட்டுவிட்டு காலைப் பாசஞ்சரில் ஏறுவேன். மேரி அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைப்பவர். மிஷின் சத்தத்தில் அவன் தூங்கிவிடுவான், நான்தான் தூங்காமல் இருப்பேன். ரயில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வாசனையைத் தாண்டும்போது இந்நேரம் எழுந்திருப்பான் என்று நினைப்பேன். பதினொரு மணிக்கெல்லாம் மார்பில் பால் கட்டிக்கொள்ளும். வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வேலை பார்ப்பேன்.

டாக்டர் குணசீலன் ஒல்லியாக, உயரமாக, குனிந்தே நடப்பார். குரலை உயர்த்த மாட்டார். மற்ற டாக்டர்கள் கூடத்துக்கு வந்தால் “ரிசல்ட் என்ன?” என்பார்கள். அவர் கேட்பது ஒரே கேள்வி: “லலிதா, என்ன பாத்தீங்க?” கிருமியின் பெயரைச் சொன்னால் திருப்தி வராது. “அது நீங்க நெனச்சது. பாத்தது என்ன?” என்பார்.

அதற்காகவே ஒரு பதிவேடு வைத்திருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் மேல்பாதி கோடு போடாத வெற்றிடம். சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்ததும், கண்ணில் பட்டதை அங்கே கலர் பென்சிலால் வரைய வேண்டும். நீலச் சாயம் பிடித்த கிருமி என்றால் நீலப் பென்சில், சிவப்பு என்றால் சிவப்பு. வரைந்த பிறகுதான் கீழ்ப்பாதியில் பேனாவால் வார்த்தை எழுதலாம். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கலர் பென்சில் பெட்டிதான். நீலமும் சிவப்பும் கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்திருக்கும். பச்சையும் மஞ்சளும் வாங்கிய நீளத்திலேயே கிடக்கும். அவற்றைப் பையனுக்கு எடுத்துப்போவேன், அவன் கடித்துத் தின்பான்.

கிருமி வளர்க்கும் தட்டுகளையும் நானே செய்வேன். சில கிருமிகள் பச்சை ரத்தத்தில் வளராது. அவற்றுக்கு ரத்தம் கலந்த கூழை வெந்நீர்த் தொட்டியில் வைத்து, சிவப்பு மாறி கேப்பைக் களி நிறம் வரும்வரை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக ஆட்டினால் நுரைக்கும், விட்டுவிட்டால் கட்டி தட்டும். இறுகிய தட்டுகளைக் கண்ணாடி ஜாடியில் அடுக்கி, நடுவில் ஒரு சிறு மெழுகுவர்த்தியை ஏற்றி மூடியை இறுக்கினால், சுடர் தானாக அணையும். அந்தக் குறைந்த காற்றில்தான் அந்தக் கிருமி தலையெடுக்கும்.

பாட்டில் கழுவும் பச்சையம்மா இதைப் பார்த்துவிட்டு, “செவ்வாக்கெழமை கோயிலுக்குப் போய் வெளக்கு ஏத்துன்னா நேரமில்லம்பீங்க. இந்தக் கிருமிக்கி மட்டும் தெனம் ஏத்துறீங்களே லலிதாம்மா, வரம் கிரம் குடுக்குதா?” என்பாள்.

ஒரு வருடம் கழித்து ஒவ்வொரு குழந்தையையும் வரவழைத்து மூட்டைப் பார்ப்போம். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கக் கருவி இருந்தது. டாக்டர் அதை எடுத்து அளந்து எழுதிவிட்டு, ஓரமாக வைப்பார். பிறகு ஒரு பாயை விரித்து, “சம்மணம் போட்டு ஒக்காரு கண்ணு” என்பார். நன்றாக ஆறிய முழங்கால் தரையை ஒட்டிக் கிடக்கும். ஆறாதது தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளியில் தன் விரல்களை நுழைத்துப் பார்ப்பார். நான்கு விரல், மூன்று விரல் என்று சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். “டிகிரி எனக்குப் புரியும். இது அவங்க அம்மாவுக்குப் புரியும்” என்பார். சோற்றுக்கு உட்கார, களை எடுக்கக் குந்த, கல்யாணப் பந்தியில் அமர. அந்த ஊர்களில் முழங்காலுக்கு வேலை அதுதானே.

அன்று செவ்வாய்க்கிழமை. முந்தின நாளிலிருந்தே பையனுக்கு உடம்பு சுட்டது. மதியம் போக அனுமதி வாங்கி வைத்திருந்தேன். பதினொன்றரை மணிக்குக் கெடாரிலிருந்து ஒரு பெண் இரண்டரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பெயர் அஞ்சலை. கொல்லைகளில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், பிடுங்குகிற கூலி வேலை. குழந்தை சுமதிக்கு வலது முழங்கால் வீங்கிப் பளபளத்தது. மடக்கிய காலை நீட்ட விடவில்லை.

“வரப்புல வுழுந்துட்டாளேன்னு எண்ணெய் போட்டுக் கட்டிக்கினு ஊட்லயே வெச்சிருந்தேங்க. நாலு நாளு ஆவுது. காச்சலு எறங்கல” என்றாள் அஞ்சலை.

டாக்டர் மூட்டில் ஊசி போட்டு நீரை எடுத்தார். அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. சுமதி அலறிய அலறலில் கோட்டுக்குள் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. என் பிள்ளை அங்கே, இந்தப் பிள்ளை இங்கே. உடம்புக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நீர் இருந்த கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். தகட்டில் ஒரு துளியைத் தேய்த்துக் காயவைத்து, ஊதாச் சாயம், அயோடின், ஸ்பிரிட், கடைசியில் சிவப்பு என்று ஒவ்வொன்றாக ஊற்றிக் கழுவினேன். நுண்ணோக்கியில் சீழ் அணுக்கள் நிறைய இருந்தன. அவற்றுக்கு நடுவே, இளஞ்சிவப்புப் பின்னணியில் அதே இளஞ்சிவப்பில், பொடிப்பொடியாகச் சில கோடுகள். கண்ணிமை முடியை நறுக்கிப் போட்டதுபோல. சிவப்புப் பென்சிலை எடுத்து ஏழெட்டுக் கோடுகள் வரைந்தேன்.

பிறகு சந்தேகம் வந்தது. சாயம் சரியாகக் கழுவாமல் படிந்த தூசாக இருந்தால்? இல்லாத கிருமியை இருக்கிறது என்று சொல்லி, அந்தச் சின்ன முழங்காலை டாக்டர் அறுத்துத் திறந்துவிட்டால்? திரும்பப் பார்த்தேன். இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ரயிலுக்கு முக்கால் மணி நேரம். ரப்பரை எடுத்து அந்தக் கோடுகளை அழித்தேன். கீழே பேனாவால் ‘கிருமி எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதினேன்.

கேப்பைக் களி நிறத் தட்டுகள் தீர்ந்துபோயிருந்தன. புதிதாகச் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு: பன்னிரண்டு மணிக்கு மேல் வரும் சிறுநீர், சளி எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போகும், மறுநாள் காலை விதைப்போம். அந்த வழக்கப்படியே மூட்டு நீர்க் குழாயையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவு சாத்தும் சத்தம் ‘டொக்’ என்று இருக்கும். நாற்பது வருடமாகக் கேட்கிறது.

திண்டிவனத்தில் இறங்கி ஓடினால், பையன் மேரி அக்காவின் தையல் மிஷின் அடியில் நூல் கண்டை உருட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பல்லு மொளைக்குதுடி, அதான் சூடு. இதுக்கா லீவு போட்டுக்கினு ஓடியாந்த? ஈறைத் தொட்டுப் பாரு, முள்ளு மாதிரி இருக்கு” என்றார் மேரி அக்கா.

அவனை மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். அவன் குடிக்கக் குடிக்க அந்தச் சிவப்புக் கோடுகள் கண்ணுக்குள் வந்து நின்றன. தூசி அப்படி ஒரே அளவில் இருக்காது.

மறுநாள் முதல் வேலையாகத் தகட்டை மறுபடி பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பார்த்தால் இருந்துவிடுமோ என்று பயம். புதுத் தட்டுகள் செய்து, ஃபிரிட்ஜிலிருந்த நீரை விதைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி மூடினேன். இருந்தால் வளரும், வளர்ந்தால் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் என் எழுத்தை நம்பி, வழக்கமான மருந்தைக் கொடுத்து, கால் அசையாமல் பத்தை கட்டிவிட்டுக் காத்திருந்தார். வியாழக்கிழமை காலை ஜாடியைத் திறந்தேன். தட்டில் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்ததுபோல இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். “காய்ச்சல் எறங்கல. முட்டி இன்னும் பெருசாயிடுச்சு” என்றவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். “லலிதா, என்ன பாத்தீங்க?”

பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். மேல்பாதியில் ரப்பர் தேய்த்த இடம் மங்கலாக, லேசாக ரோஜா நிறத்தில் தெரிந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்தார்.

“கோடு மாதிரி பாத்தேன் சார். செவப்பா. சாயம்னு நெனச்சு அழிச்சிட்டேன்.”

“தகடு இருக்கா?”

பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்து பார்த்தார். திருகை முன்னும் பின்னும் மெல்லத் திருப்பினார். எனக்கு அரை மணி நேரம்போல இருந்தது. இரண்டு நிமிடம் இருக்கும்.

“இருக்கு” என்றார். “தட்டுல எப்ப போட்டீங்க?”

“நேத்து காலையில.”

“அதுவரைக்கும்?”

“ஃபிரிட்ஜுல சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்தக் கிருமி குளிர் தாங்காது. உள்ள வெச்ச அன்னிக்கே செத்திருக்கும்.” எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார். “அழிச்சது தப்புதான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கெடையாது, போனா திரும்ப வராது. ரெண்டு நாள் போச்சு. ஆனா அந்தத் தண்ணி கலங்கலா இருந்தத நானும் கண்ணால பாத்தேன். பாத்தத விட்டுட்டு உங்க எழுத்தப் படிச்சேன்.” பிறகு என் மேசையிலிருந்த ரப்பரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “இது என்கிட்ட இருக்கட்டும்.”

ஒரு மணி நேரத்துக்குள் சுமதியை அறுவை அறைக்குக் கொண்டுபோய் மூட்டைத் திறந்து கழுவினார். மருந்தை மாற்றினார். புதிதாக எடுத்த நீரைக் குழாயிலிருந்து நேராகத் தட்டில் ஊற்றினேன். மறுநாள் காலை, வடித்த கஞ்சி தெறித்ததுபோலச் சின்னச் சின்னத் துளிகளாக அது வளர்ந்திருந்தது. பச்சையம்மா எட்டிப் பார்த்து, “வரம் குடுத்துட்டுதா?” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான் இன்னா சொல்லிட்டேன் இப்ப!” என்று அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அன்று மதியம்தான் அந்த வரியை முதல்முறை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது. சுமதி வார்டில் இருந்த வாரங்களில் நான் மதியச் சோற்றை அங்கே கொண்டுபோய்ச் சாப்பிட்டேன். அஞ்சலை என்னைப் புகழ்ந்துகொண்டே இருப்பாள். “இந்த அம்மாதான் கண்ணாடில பாத்துக் கண்டுபுடிச்சாங்க” என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொல்வாள். ஒரு நாள் வேகவைத்த மல்லாட்டையை ஒரு துணியில் கட்டிக்கொண்டு வந்து என் மடியில் கொட்டினாள். உரித்து உரித்துத் தின்றேன். நடந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

ஒரு வருடம் கழித்து வந்தார்கள். சுமதி தானே நடந்து வந்தாள், லேசாகச் சாய்ந்து. டாக்டர் பாயை விரித்தார். “சம்மணம் போட்டு ஒக்காரு கண்ணு.”

இடது முழங்கால் தரையைத் தொட்டது. வலது தொடவில்லை. அவர் விரல்களை நுழைத்தார். நான்கு போகவில்லை. மூன்றும் போகவில்லை.

“ரெண்டு” என்றார். நான் எழுதினேன்.

“பரவால்ல. நல்லாவே வந்திருக்கு” என்றார் டாக்டர். உண்மைதான், அதைவிட மோசமானவற்றை எழுதியிருக்கிறேன். ஆனால் இரண்டு நாள், இரண்டு விரல் என்று என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. ஆராய்ச்சிக் கணக்கு அப்படி நேராக வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

அஞ்சலை பேருந்துக்குக் கிளம்பும்போது வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.

“அஞ்சல, ஒண்ணு சொல்லணும். மொத நாளே அந்தக் கிருமி என் கண்ல பட்டுச்சு. சந்தேகத்துல அழிச்சிட்டேன். என் புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு ரயிலுக்கு ஓடிட்டேன். ரெண்டு நாள் என்னாலதான் போச்சு.”

அவள் என்னையே பார்த்தாள். சுமதி கீழே வேப்பம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள், வலது காலை நீட்டியபடி குந்தி. சொல்லியிருக்கக் கூடாதோ? என் பாரத்தை இறக்க இவள் தலையில் ஏற்றிவிட்டேனோ?

“உம் புள்ளைக்கு அப்பறம் இன்னா ஆச்சு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. பல்லு மொளைச்சுது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. “நீ ரெண்டு நாளு. நான் எண்ணெய் போட்டுக் கட்டிக்கினு நாலு நாளு வெச்சிருந்தேனே. கொல்லையில மல்லாட்டை பாதில நிக்குது, கூலி போயிடும்னு. அத நான் யாராண்ட சொல்றது?” குனிந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “ரெண்டு வெரலுதானேம்மா. ஒண்ணு என்து, ஒண்ணு உன்து. வுடு.”

அதன் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. டாக்டருக்கு மாற்றல் வந்து ஆராய்ச்சி நின்றது. பதிவேடுகள் ஓர் அலமாரிக்குள் போயின; பிறகு அலமாரியும் எங்கோ போயிற்று. ரப்பரை அவர் திருப்பித் தரவில்லை. எனக்கு அங்கேயே நிரந்தர வேலை கிடைத்தது. பையன் வளர்ந்து கடல் தாண்டிப் போய்விட்டான். அவனுக்காக ஏங்கிக்கொண்டே அந்த மேசையில் காலத்தைக் கழித்தேன். இப்போது அந்த மேசைக்காக ஏங்குகிறேன். வெந்நீர்த் தொட்டியில் ரத்தம் களி நிறத்துக்கு மாறும் அந்த நிமிடத்துக்காக, சுடர் அணையும்வரை என்னோடு சேர்ந்து ஜாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பச்சையம்மாவுக்காக, “என்ன பாத்தீங்க?” என்று கேட்க ஓர் ஆள் இருந்ததற்காக. இனி மிஷின் கத்தும். நல்லதுதான். அதற்குச் சந்தேகம் வராது, ரயிலும் இல்லை.

கவிதா, தாளைக் கிழித்துவிடு. புது ஃபிரிட்ஜில் ஒட்டுவதானால் உன் கையால் எழுதி ஒட்டு.

என் முழங்கால்களிலும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. சம்மணம் போட்டால் இரண்டும் தூக்கிக்கொள்கின்றன. விரலை நுழைத்துப் பார்த்தால் வலதில் மூன்று போகிறது. போன வாரம் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தில் இருந்தேன். கெடாரில் நின்றது. நிறுத்தத்தில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். சுமதியாக இருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் செய்வதையே அப்போதும் செய்தேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், வலது முழங்கால் தரையைத் தொடுகிறதா என்று பார்த்தேன்.